தாங்கும் வலிமை

வலிமை யாருக்கு உரியது? வருந்தி உழைத்து அதைத் தேடிக்கொண்டவருக்கா, அன்றி அஃது இல்லாமல் தவிப்போருக்கா? மேலோட்டமாக நோக்குவோருக்கு இது பட்டிமன்றத் தலைப்பைப் போலத் தோன்றலாம். ஆனால் காவலர் தேர்வு அறிவிக்கப்படும்போதெல்லாம் நம் ஊர்களில் இவ்வினா உயிர்பெற்று எழுகின்றது. விடியுமுன் புறவழிச் சாலைகளிலும், பள்ளித் திடல்களிலும், நீர் வற்றிய கண்மாய்க் கரைகளிலும் இளையோர் ஓடுகின்றனர். புளியமரக் கிளையில் கட்டிய வடக்கயிற்றில் ஏறிப் பழகுகின்றனர். மணல் கொட்டிய பள்ளத்தில் தாவிக் குதிக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழை எளிய குடும்பத்தினர். பகலில் கடையிலோ வயலிலோ கட்டட வேலையிலோ உழைத்துவிட்டு, இரவில் பாடநூலைப் புரட்டி, விடியலில் ஓடுபவர்கள்.

இவர்களைக் காணும் நாம் பொதுவாக இரண்டில் ஒன்றையே சொல்கிறோம். 'பாவம், ஒரு வேலைக்காக எவ்வளவு பாடு!' என இரங்குகிறோம். அல்லது 'உழைக்கிறார்கள், முன்னேறட்டும்' என வாழ்த்துகிறோம். இரண்டும் நல்லெண்ணமே. எனினும், இந்த உழைப்பினால் உருவாகும் வலிமை பின்னர் என்ன ஆகும், எவர்மீது செலுத்தப்படும், எவருக்குத் துணையாகும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வும் அதன் அளவுகளும்

தமிழ்நாட்டில் காவலர், சிறைக் காவலர், தீயணைப்போர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, 1991ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்திடம் உள்ளது. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சியே குறைந்த அளவுக் கல்வித் தகுதி. ஆகவே கல்லூரிக் கல்விக்கு வழியற்ற குடும்பங்களுக்கும் இக்கதவு திறந்திருக்கின்றது. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் திடலுக்கு அழைக்கப்படுகின்றனர். அங்கே முதலில் உடலை அளக்கிறார்கள். பொதுவாக ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் உயரமும், பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இந்த அளவு சற்றுக் குறைக்கப்பட்டுள்ளது. ஆண்களின் மார்பளவு 81 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது அது மேலும் 5 சென்டிமீட்டர் விரிதல் வேண்டும். அடுத்து ஓட்டம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களிலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளிலும் ஓடி முடித்தல் வேண்டும். இதில் தேறினால்தான் கயிறு ஏறுதல், தாண்டுதல், குண்டு எறிதல், விரைவோட்டம் முதலிய திறன் போட்டிகளுக்குச் செல்ல இயலும்.

எண்களாகப் பார்த்தால் இவை வறண்டவை. ஆனால் பயிற்சி செய்பவருக்கு ஒவ்வோர் எண்ணும் ஓர் ஆசிரியர். 400 மீட்டர் சுற்றளவுள்ள திடலில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தில் அதை முடிக்க வேண்டுமானால், ஒரு சுற்றுக்கு 112 விநாடிகள் ஆகின்றன. இக்கணக்கை அறியாத புதியவர் என்ன செய்கிறார்? பிறர் பார்க்கிறார்கள் என்ற வேகத்தில் முதற்சுற்றை மிக விரைவாக ஓடிவிடுகிறார். இரண்டாம் சுற்றில் மூச்சு இரைக்கின்றது. மூன்றாம் சுற்றில் கால்கள் கல்லாகிவிடுகின்றன. முன்னே ஓடியவரே இறுதியில் பின்தங்கி நிற்கிறார். பழகியவரோ தொடக்கத்தில் தம்மை அடக்கிக்கொள்கிறார். பிறர் முந்திச் செல்வதைப் பொறுத்துக்கொள்கிறார். தம்மிடம் உள்ளதை எண்ணி எண்ணிச் செலவிடுகிறார்.

ஆகவே, வலிமையைப் பெருக்கும் இப்பயிற்சியின் முதற்பாடமே அடக்கம்தான். உடலில் உள்ள ஆற்றல் முழுவதையும் ஒரே நொடியில் கொட்டிவிடலாகாது என்பதைக் கால்களே கற்றுக்கொள்கின்றன. இதனை ஓடுவோர் பலரும் உணர்வர். ஆனால் இது அறத்தைப் பற்றிய பாடமும் ஆகும் என்பதைச் சிலரே உணர்வர். நற்பண்பு என்பது நூலைப் படிப்பதால் வருவதன்று, நற்செயலை மீண்டும் மீண்டும் செய்து பழகுவதால் வருவது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கற்பித்தார். ஒருவர் நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமான் ஆகிறார். துணிவான செயல்களைச் செய்து செய்தே துணிவுடையவர் ஆகிறார். அப்படியாயின், நாள்தோறும் விடியலில் தம்மை அடக்கி ஓடப் பழகும் இளைஞர், அறியாமலேயே ஒரு நற்பண்பின் வாயிலில் நிற்கிறார். உள்ளே செல்வதும் திரும்பிவிடுவதும் பின்னர் அவர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

இது என் உழைப்பா?

'இந்த உடலை நானே உருவாக்கினேன். இந்த வேலையை நானே வென்றேன்' என்னும் எண்ணம் வெற்றி பெற்றவரிடம் எழுவது இயல்பே. அதில் உண்மையும் உண்டு. ஐந்து மணிக் குளிரில் எழுந்தது அவரே. வேறு எவரும் அவருக்காக ஓடவில்லை. ஆனால் அது முழு உண்மை ஆகுமா?

அவர் ஓடி வந்த பின் உண்ட முட்டையையும் கொண்டைக்கடலையையும் எண்ணிப் பாருங்கள். வீட்டில் பிறர் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் தந்தவை அவை. அவர் அணிந்த ஓட்டக் காலணி, தாயின் நூறுநாள் வேலைக் கூலியாகவோ, அக்காளின் தையல் கூலியாகவோ இருந்திருக்கலாம். அவர் பழகிய திடல் ஊராருடையது. அல்லது ஒரு பள்ளியுடையது. மூச்சை எப்படி விடுவது, கயிற்றைப் பாதங்களால் எவ்வாறு கவ்விப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தவர், ஊதியம் எதுவும் பெறாத ஓர் ஓய்வுபெற்ற காவலராகவோ, உடற்கல்வி ஆசிரியராகவோ இருந்திருப்பார். கூட ஓடிய தோழர்கள், அவர் சோர்ந்த நாளில் பெயர் சொல்லிக் கூவி அவரை இழுத்து வந்திருப்பர். இவையனைத்திற்கும் மேலாக, ஓடுவதற்கு ஏற்ற எலும்பும் நரம்பும் மூச்சும் அவர் சம்பாதித்தவை அல்ல, பிறப்பிலேயே பெற்றவை.

இவ்வாறு நோக்கும்போது, வலிமை என்பது தனியுடைமையாகத் தோன்றவில்லை. பலர் சேர்ந்து ஒருவரிடம் ஒப்படைத்த பொருளாகவே தோன்றுகின்றது. ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பதும் உரிய இடத்தில் செலவிடுவதும் ஒப்புக்கொண்டவரின் கடமை. காவலரின் சீருடையும் இத்தகையதே. அதை அணிபவர் அதன் உரிமையாளர் அல்லர். பணி முடியும்வரை அதைச் சுமப்பவர். சீருடைக்குள் இருக்கும் வலிமையும் அப்படியே என்பதை அவர் உணர்ந்தால், அவ்வலிமையைத் தம் சினத்திற்காகவோ செருக்கிற்காகவோ பயன்படுத்தத் தயங்குவார்.

கோடு கிழிப்போரின் கடமை

எந்தத் தேர்விலும் ஒரு கோடு உண்டு. கோட்டிற்கு இப்பால் வெற்றி, அப்பால் தோல்வி. 7 நிமிடத்தில் முடித்தவர் காவலர் ஆகலாம். 7 நிமிடம் 2 விநாடியில் முடித்தவர் வீடு திரும்ப வேண்டும். அந்த 2 விநாடியில் அப்படி என்ன வேறுபாடு வந்துவிட்டது என்று நாம் கேட்கலாம். மனிதர் என்ற நிலையில் ஒரு வேறுபாடும் இல்லை. ஆயினும் கோடு இல்லாவிடின் என்ன நிகழும்? பரிந்துரை புகும், பணம் புகும், சாதி புகும். கடிகாரம் எவருடைய தந்தையின் பெயரையும் கேட்பதில்லை. இடைத்தரகரிடம் நிலத்தை விற்றுப் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்களைக் கண்டோருக்கு, அந்தச் சிறு கடிகாரத்தின் அருமை விளங்கும். ஆகவே கோடு வேண்டும் என்பதில் ஐயமில்லை.

எனினும், கோட்டைக் கிழிப்போருக்கும் ஒரு கடமை உண்டு. 'இந்த அளவு இந்தப் பணிக்கு உண்மையிலேயே தேவையா?' என்று அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிறைக் காவலர் பணிக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் வேண்டும் என்ற விதி இருந்தது. அதன்படி அந்நாட்டுப் பெண்களுள் 41 விழுக்காட்டினர் விலக்கப்பட்டனர். ஆண்களுள் விலக்கப்பட்டோர் 1 விழுக்காட்டிற்கும் குறைவே. வலிமையே தேவை என்றால் வலிமையை நேரடியாக அளக்கலாமே, உயரத்தையும் எடையையும் அளப்பானேன் என்னும் கேள்வி எழுந்தது. 1977இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

நம் மாநிலத்திலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி உண்டு. திருநங்கையான பிரித்திகா யாஷினி, காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, விண்ணப்பப் படிவத்தில் அவருக்கென ஓர் இடமே இல்லை. நீதிமன்றத்தை நாடித்தான் அவர் ஒவ்வொரு படியையும் ஏற வேண்டியிருந்தது. உடல்திறன் தேர்வில் பிற போட்டிகளில் தேறிய அவர், 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி பின்தங்கினார். சென்னை உயர் நீதிமன்றம் 2015 நவம்பரில், அவர் பணிக்குத் தகுதியானவரே எனக் கூறியது. 2017இல் அவர் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். இதனைச் சலுகை என்று முணுமுணுத்தோரும் உண்டு. ஆனால் ஆண், பெண் என்னும் இரு பிரிவினரை மட்டுமே மனத்திற்கொண்டு கிழிக்கப்பட்ட கோட்டின்முன் மூன்றாம் ஒருவர் வந்து நிற்கையில், குறை அவர் கால்களில் மட்டும் இருக்கிறதா, கோட்டிலும் இருக்கிறதா என ஆராய்வது சலுகை ஆகாது, அது நீதியே. கோடு மனிதருக்காக வந்தது. மனிதர் கோட்டிற்காக வரவில்லை.

உடலுக்கு நாம் செய்யும் அநீதி

மற்றொரு கடமை ஓடுவோருடையது. அது தம் உடலுக்கு அவர்கள் ஆற்ற வேண்டியது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2024 ஆகஸ்டு மாதம் கலால் காவலர் பணிக்கான உடல்தகுதித் தேர்வு தொடங்கியது. ஆண்கள் 10 கிலோமீட்டர் தொலைவை 60 நிமிடத்தில் ஓட வேண்டும் என்பது விதி. அந்த ஓட்டத்தில் மயங்கி விழுந்து பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். தேர்வு சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு வேலைக்காக வீட்டை விட்டுப் புறப்பட்ட பிள்ளைகள் உயிரற்ற உடல்களாகத் திரும்பினர்.

அச்சாவுகளுக்கு யார் பொறுப்பு என்பதை ஆராய வேண்டியது அரசுகளின் வேலை. நாம் ஆராய வேண்டியது வேறு ஒன்று. இந்த வேலை கிடைக்காவிடில் வாழ்வே இல்லை என்ற நிலைக்கு ஓர் இளைஞரைத் தள்ளியது எது? 'இந்த முறையும் தேறாவிட்டால் ஊரில் தலைநிமிர முடியாது' என்ற அச்சத்தை அவர் நெஞ்சில் விதைத்தவர் யார்? வெயிலில் உடல் கொதித்து, தலை சுற்றி, கண் இருண்டபோதும் அவர் நிற்காமல் ஓடினாரே, நின்றால் ஏளனம் செய்வோம் என்று நாம்தானே அவருக்குக் கற்பித்திருந்தோம்?

மிகையான உடற்பயிற்சியும் குறையான உடற்பயிற்சியும் ஆகிய இரண்டுமே வலிமையை அழிக்கும் என்றும் அரிஸ்டாட்டில் எழுதியுள்ளார். ஓராண்டில் செய்ய வேண்டியதை ஒரே மாதத்தில் செய்து முடிக்க விரும்புவோர் இதனை மறத்தலாகாது. தசையும் எலும்பும் மூச்சும் வலுப்பெறுவது ஓடும்போதன்று, ஓடியபின் ஓய்வெடுக்கும்போதுதான். வாரத்திற்கு வாரம் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல், வெயில் ஏறுமுன் முடித்தல், போதிய நீர் அருந்துதல், காய்ச்சல் கண்ட நாளில் ஓடாதிருத்தல், நெஞ்சில் வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நின்று மருத்துவரைக் காணல் ஆகியன கோழைத்தனம் ஆகா. பெயர் தெரியாத மாத்திரையும் ஊசியும் விரைவில் பலம் தரும் என்று சொல்வோரை அண்டவிடாதிருத்தலும் அவ்வாறே. பிறர் உடலைக் காக்கப் புறப்படும் ஒருவர், தம் உடலையே காக்க அறியாராயின், அப்பணியை அவர் எங்ஙனம் கற்பார்?

கோட்டிற்கு அப்பால் நிற்போர்

தேர்வு முடிவுகள் வந்தபின் வெற்றி பெற்றவரின் படம் சுவரொட்டியில் ஏறுகின்றது. தேறாதவர் பற்றி எவரும் பேசுவதில்லை. உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்ததனால் திரும்பியவர் உண்டு. எத்துணைப் பயிற்சியும் அவருக்கு அந்த ஒரு சென்டிமீட்டரைத் தந்திருக்க இயலாது. 'முயன்றால் முடியாதது இல்லை' என்னும் மேடைப் பேச்சு இங்கே பொய்த்துவிடுகின்றது. பொய்ப்பதோடு, தோல்விக்கு அவரே காரணம் என்ற பழியையும் அவர்மீது சுமத்திவிடுகின்றது.

தேர்வு அளந்தது அவருடைய உயரத்தை, அவரை அன்று. ஒரு பணிக்கு ஒருவர் பொருந்துகிறாரா என்பது ஒரு கேள்வி. அவர் எத்துணை மதிப்புடையவர் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு அளவுநாடா விடை தரும். இரண்டாம் கேள்விக்கு விடை தரும் கருவியை எந்த அரசும் செய்ததில்லை. மேலும், அவர் ஓராண்டாகத் தேடிய உடல்நலமும் ஒழுங்கும் விடியலில் எழும் பழக்கமும் தேர்வு முடிவோடு மறைந்துவிடுவதில்லை. அவை அவருடைய குடும்பத்திற்கும் ஊருக்கும் உரியனவாய் அவரிடமே உள்ளன. ஆற்று வெள்ளத்திலும் தீ விபத்திலும் முதலில் ஓடிவருவோர் பல வேளைகளில் சீருடை அணியாதவர்களே அன்றோ?

தாக்குதலும் தாங்குதலும்

இனி, கோட்டைத் தாண்டி உள்ளே சென்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. துணிவு என்னும் அறத்தை ஆராய்ந்த 13ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் தூய தாமஸ் அக்குவினாஸ், அவ்வறத்தின் தலையாய செயல் தாக்குதல் அன்று, தாங்குதலே என்று முடிவு கண்டார். தாக்குபவர் தம்மை வலியவர் எனக் கருதியே தாக்குகிறார். தம்மினும் வலிய துன்பத்தின்முன் நிலைகுலையாது நிற்பதே அரியது என்பது அவர் காட்டும் காரணம். நம் மொழியில் 'தாங்குதல்' என்னும் சொல்லுக்குப் பொறுத்தல் என்றும் பொருள். சுமத்தல் என்றும் பொருள். வீழ்வோரை ஏந்திக்கொள்ளுதல் என்றும் பொருள். காவலரின் வலிமைக்கு இம்மூன்றும் பொருந்தும். திரளின் வசைச்சொல்லைப் பொறுக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் நீண்ட காவற்பணியைச் சுமக்க வேண்டும். விழுந்தோரை ஏந்த வேண்டும்.

இதற்கு எதிரானதையும் நாம் கண்டிருக்கிறோம். 2020 ஜூன் மாதம், ஊரடங்குக் காலத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கடை திறந்திருந்தது தொடர்பாகக் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அவ்வழக்கை ஏற்ற மத்தியப் புலனாய்வுத் துறை, காவல்துறையினர் ஒன்பது பேர்மீது கொலைக் குற்றம் சாட்டியது. அந்த நிலையத்தில் பணியாற்றியோரும் ஒருகாலத்தில் ஏதோ ஒரு திடலில் விடியலில் ஓடிப் பழகியோரே; அவர்களுக்கும் யாரோ தம் உணவைப் பகிர்ந்திருப்பர். ஓட்டமும் கயிறும் அவர்களுக்கு வலிமையைத் தந்தன. வலிமையை எங்கே நிறுத்துவது என்பதைத் தேர்வு அளக்கவில்லை.

மற்றொரு காட்சியும் நம் நினைவில் உண்டு. 2021 நவம்பரில் சென்னையில் பெருமழை பெய்தபோது, கீழ்ப்பாக்கம் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இளைஞர் ஒருவர் நினைவிழந்து கிடந்தார். காவல் ஆய்வாளர் இராஜேஸ்வரி அவரைத் தம் தோளில் தூக்கிச் சுமந்து, ஓடி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். நாடே அதைப் பாராட்டியது. அந்த இளைஞர் மறுநாள் இறந்துவிட்டார் என்பதைப் பலர் அறியார். ஆனால் அதனால் அச்செயலின் மதிப்பு குறைந்துவிட்டதா? பிழைப்பாரா என்று கணக்குப் பார்த்து அவர் தூக்கவில்லை. விழுந்து கிடந்தவரைத் தூக்குவதற்காகவே தம் தோள் வலிமை பெற்றது என்று அவர் உடல் அறிந்திருந்தது. தமிழகக் காவல்துறையில் 1973இல்தான் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம். பெண்ணுடல் இப்பணிக்குப் போதுமா என்று ஐயுற்றோருக்கு அந்தத் தோள் விடையளித்தது.

'குற்றவாளியோடு போராட வேண்டிய காவலருக்கு இத்தகைய மென்மை பொருந்துமா?' எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. காவலர் சில வேளைகளில் வலிமையைச் செலுத்தத்தான் வேண்டும். கத்தியோடு வருபவனிடம் அறிவுரை மட்டும் போதாது. ஆனால் சட்டமே இங்கு ஓர் அளவைச் சொல்லியிருக்கிறது. கைது செய்யப்பட்டவர் தப்பியோடாதிருக்கத் தேவையான அளவுக்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தலாகாது என்று 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறிற்று. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அதையே கூறுகின்றது. உடல் உறுதி உள்ளவருக்கே இவ்வளவைக் காப்பது எளிது. மூச்சு இரைத்து, அஞ்சி, பதறி நிற்பவரின் கைதான் தேவைக்கு மேல் ஓங்கும். தம் ஆற்றலை அறிந்தவர் அதைச் சிறிதளவே செலவிட்டு நிறுத்திக்கொள்வார். முதற்சுற்றில் தம்மை அடக்கி ஓடக் கற்றவர் அதைச் செய்யக்கூடும்.

ஆக, காவலராக விரும்புவோர்முன் இரண்டு கோடுகள் உள்ளன. ஒன்று, எட்டிப் பிடிக்க வேண்டிய கோடு. அதற்குக் கடிகாரம் உண்டு, அளவுநாடா உண்டு, அலுவலர் உண்டு. அதை ஒருமுறை தாண்டினால் போதும். மற்றொன்று, தாண்டலாகாத கோடு. காவல் நிலையத்தின் உள்ளறையில், எவரும் பாராத வேளையில், எதிர்க்க இயலாத ஒருவர்முன் அது தோன்றும். அதற்கு அளவுநாடா இல்லை. பணியாற்றும் காலமெல்லாம் நாள்தோறும் அதன்முன் நின்றாக வேண்டும். முதற்கோட்டிற்காகப் பல மாதம் பயிற்சி செய்கிறோம். இரண்டாம் கோட்டிற்காகப் பயிற்சியே செய்வதில்லை. இதுவே நம் குறை.

இக்குறையை நீக்கும் பொறுப்பு இளையோருடையது மட்டுமன்று. திடலில் இலவசமாகப் பயிற்சி தரும் பெரியோர், ஓட்டம் முடிந்து பிள்ளைகள் வியர்வை உலர அமர்ந்திருக்கும் கால்மணி நேரத்தில், தம் பணிக்கால அனுபவத்தைச் சொல்லலாம். ஓங்கிய கையை எப்போது இறக்கினோம், ஏன் இறக்கினோம் என்று சொல்லலாம். முன்னே ஓடுபவர் பின்தங்கியவருக்காக ஒரு சுற்று மெதுவாக ஓடும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். அடிபட்டவரை எவ்வாறு தூக்குவது என்பதையும், முதலுதவியையும், கயிறு ஏறக் கற்பிப்பதுபோலவே கற்பிக்கலாம். பெற்றோர், 'வேலை கிடைத்தால் நாலு பேர் உன்னைக் கண்டு அஞ்சுவர்' என்று சொல்வதை விட்டு, 'நாலு பேர் உன்னை நம்பி வருவர்' என்று சொல்லலாம்.

வலிமை யாருக்கு உரியது என்ற வினாவிற்கு விடை இப்போது ஓரளவு தெளிவாகின்றது. அது ஒருவரிடம் வளர்கின்றது, பலரால் வளர்க்கப்படுகின்றது, தம்மைத் தாமே தாங்க இயலாத ஒருவருக்கு உரியதாகின்றது. அந்த ஒருவர் யார் என்பது ஓடுபவருக்கு இப்போது தெரியாது. அவர் விபத்தில் சாலையோரம் கிடப்பவராக இருக்கலாம்; நள்ளிரவில் கதவைத் தட்டி முறையிடும் பெண்ணாக இருக்கலாம்; கைவிலங்கோடு எதிரே நிற்கும் குற்றவாளியாகவும் இருக்கலாம். நாளை விடியலில் ஓடப்போகும் தம்பியும் தங்கையும், மூன்றாம் சுற்றில் கால் தளரும்போது அந்த முகமறியாத ஒருவரை நினைத்துக்கொள்வார்களாக.